பெஞ்சில் உட்கார்ந்திருந்த பைகள்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். வேலை நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. நான் வணக்கம் சொல்லி, சேத்தூரில் பிறந்ததையும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதையும் சொல்லி முடிப்பதற்குள், எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துபோய் மணி அடித்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கவனித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். சொல்லாமல் விட்டதை எழுதி அனுப்புகிறேன். இதையாவது மணி அடிக்காத இடத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் மெடிக்கல் ரெப்பாகச் சேர்ந்தேன். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் என் எல்லை. டாக்டர்களைப் பார்த்து எங்கள் கம்பெனி மருந்துகளைப் பற்றிச் சொல்லி, சாம்பிள் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்படி ஒரு டாக்டரைப் பார்ப்பதற்கு அன்றைக்கும் 'கால்' என்றுதான் பெயர். ஆறு மாதம் புரபேஷன். அது முடியும்போது மேனேஜர் ஒரு நாள் முழுக்க என்கூடவே சுற்றிப் பார்த்து, தேறுவான் என்று சொன்னால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பையையும் டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஊருக்குப் போவதில்தான் சிக்கல். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எங்கள் மாமா எனக்கு, ஆள் வராத நாளில் போய் நிற்கிற பதிலி வேலை பார்த்து வைத்திருந்தார். வயல் வேலை செய்த என் அப்பா அதை வேண்டாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. "எம்மவன் டாக்டருமாருக்கே பாடம் எடுக்கான், மில்லுக்கா வருவான்?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டார். மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆக, நான் தேறாவிட்டால் மில் கதவும் கிடையாது.

நான் படித்தவன் என்ற நினைப்பில், நேரத்தைக் கணக்குப் போட்டுச் செலவழிக்கப் பார்த்தேன். ஆனால் ரெப்புடைய நேரம் அவன் கையிலா இருக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு முக்கியமான டாக்டர்கள் மூன்று பேர். தேரடிப் பக்கம் ஒரு குழந்தை டாக்டர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லேடி டாக்டர், மடவார்வளாகத்தில் வயதான ஒரு பொது டாக்டர். மூன்று பேருமே காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ரெப்புகளைப் பார்ப்பார்கள். ஒருவருக்காகக் காத்திருந்து முடித்தால் மற்ற இருவரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் ரெப்புகளுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கிளினிக் பெஞ்சில் உங்கள் பையை வைத்துவிட்டால் நீங்கள் வரிசையில் நின்ற மாதிரி. எதிர்த்த கடையில் டீ குடித்துவிட்டு வரலாம். உங்கள் பையை மீறி யாரும் உள்ளே போகமாட்டார்கள். முறை வரும்போது ஆள் இல்லையென்றால் பை கடைசிக்குப் போய்விடும், அவ்வளவுதான். குழந்தை டாக்டரின் கம்பவுண்டர் அண்ணாச்சி இதில் நீதிபதி மாதிரி. காலையில் வரிசையாக இருக்கும் பைகளின் மேல் தூசி தட்டிவிடுவார். ஆட்களுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் ஒருத்தன்தான், ஆனால் பை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்?

இராஜபாளையத்தில் பை தைக்கும் கடையில் எங்கள் கம்பெனிப் பை போலவே கறுப்பாக மூன்று பழைய பைகள் வாங்கினேன். வெறும் பையை வைத்தால் சப்பென்று சரிந்துவிடும் அல்லவா? என் அக்கா அங்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓரம் கோணலாக வெட்டுப்பட்டுக் கழித்துப் போட்ட பேண்டேஜ் சுருள்களைக் கொண்டுவந்து தந்தாள். அவற்றை வைத்து அடைத்தேன். மூன்று பைகளும் நன்றாகச் சாப்பிட்ட ஆட்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தன.

காலையில் முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் இறங்கி, மூன்று கிளினிக்கிலும் ஒவ்வொரு பையை உட்கார வைத்துவிட்டு, நிஜப் பையோடு வாடகை சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பேன். எங்கே முறை நெருங்குகிறதோ அங்கே போய் இறங்குவேன். உள்ளே போய் மருந்தின் வேதியியலை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு அடுத்த இடத்துக்கு மிதிப்பேன். டாக்டர் முகம் எப்படி இருந்தது, கேட்டாரா, கொட்டாவி விட்டாரா என்றெல்லாம் பார்க்க நேரம் ஏது? ஆனால் கால் கணக்கு மளமளவென்று ஏறியது.

சாகுல் அண்ணன் என்று வேறொரு கம்பெனி ரெப், எனக்கு மூத்தவர். ஒருநாள் குழந்தை டாக்டர் கிளினிக்கில் என் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கத் தூக்கியிருக்கிறார். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கினதில் பை அவர் தலைக்கு மேலே போய்விட்டது. நான் சைக்கிளில் வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"ஏலே சேத்தூரு, இங்க வா. இது உன் பைதான?"

"ஆமாண்ணே."

"உள்ள என்னலே, காத்தா?"

"பேண்டேஜுண்ணே."

"உங்க கம்பெனி எப்பலே பேண்டேஜு விக்க ஆரம்பிச்சது?" என்றவர், என் முழியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அடப்பாவி! அதான் நான் எங்க போனாலும் நீ எனக்கு முன்னாடி நிக்கியா? நான்கூட நீங்க ரெட்டப் பிள்ளைகன்னுல்ல நெனச்சேன்!"

எல்லோரிடமும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லத்தான் செய்தார். புகாராக அல்ல, சமையல் குறிப்பாக. ஒரு மாதத்துக்குள் எல்லா ரெப்பும் பொய்ப்பை வாங்கிவிட்டார்கள். ஒருத்தர் உள்ளே மில் கழிவுப் பஞ்சு வைத்தார். ஒருத்தர் செங்கல். காலி பால்கோவா டப்பாக்களை அடுக்கியவரும் உண்டு. எல்லோரும் நேரத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த பிறகு ஒருத்தருக்கும் நேரம் மிச்சமாகவில்லை. முன்பு வரிசையில் நாலு பேர் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பை இருந்தது. எல்லோரும் சைக்கிளில் எதிரும் புதிருமாகப் பறந்துகொண்டிருந்தோம். தேரடி முக்கில் இரண்டு ரெப்புகள் மோதி விழுந்ததும் நடந்தது. விழுந்தவர்களுக்குக் கட்ட என் பையில்தான் சரக்கு இருந்தது. ஆனால் பை கிளினிக்கில் உட்கார்ந்திருந்தது.

இந்த லட்சணத்தில்தான் மேனேஜர் வரும் நாள் வந்தது.

மதுரையிலிருந்து வருகிறவர். நேரம் என்றால் அவருக்கு உயிர். போனில்கூட நலம் விசாரிக்க மாட்டார். "இன்னிக்கு எத்தனை நிமிஷத்தைக் கொன்னீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். மதியம் லாட்ஜில் படுத்துத் தூங்கினான் என்று ஒரு ரெப்பை வீட்டுக்கு அனுப்பியவர் என்று அவருக்குப் பெயர். காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் வழக்கம்போல மூன்று பையையும் உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கிறது.

"என்ன தம்பி, வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்க? நான் பாசஞ்சர்லயே வந்து ஊரையே ஒரு சுத்துச் சுத்திட்டேன்."

என்னைச் சோதிக்க முன்னாலேயே ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். கையை வீசிக்கொண்டு நின்றார். பை எங்கே என்று கேட்டேன். "அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்றார். லாட்ஜில் வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளில் அவரை ஏற்ற முடியாது. நடந்தே தேரடிக்குப் போனோம். குழந்தை டாக்டர் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஊரெல்லாம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சளி. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் வரைக்கும் நிற்கிறார்கள். உள்ளே இரண்டு பெஞ்சிலும் பைகள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கின்றன. ரெப் ஒருத்தர்கூட இல்லை.

சரியாக அந்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளையத் தூக்கிட்டு அம்மாமாரு நிக்காக. பெஞ்சில உக்காந்திருக்கது யாரு?"

கம்பவுண்டர் அண்ணாச்சி பைகளைத் திரும்பிப் பார்த்தார். "ரெப்புமாரு சார்."

"எங்க?"

"இந்தா... இவுகதான்."

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பைகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அடடா, ரொம்ப நேரமா காத்திருக்காக போல. உள்ள கூட்டிட்டு வாரும், ஒவ்வொருத்தரா பாத்துருவோம்" என்றவர், வாசலில் நின்ற எங்களைப் பார்த்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் என்னய்யா, ஆளா வந்திருக்கீக? நம்ம ஊரு வழக்கத்துல இல்லையே! வாங்க, உள்ள வந்து சாட்சிக்கு நில்லுங்க."

உள்ளே போய் நின்றோம். தாய்மார்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி முதல் பையைக் கொண்டுவந்து நோயாளி நாற்காலியில் வைத்தார். டாக்டர் திறந்தார். செங்கல்.

"இவுக ரொம்ப அழுத்தமான ஆளு. வாய் தொறக்க மாட்டேங்காக. அடுத்து?"

அடுத்ததில் கழிவுப் பஞ்சு. "இவுகளுக்கு ரத்தமே இல்ல. நல்லா சாப்பிடச் சொல்லும்." வெளியே ஒரே சிரிப்பு. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து பார்த்தன. மூன்றாவது என் பை. டாக்டர் ஒரு சுருளை எடுத்தார். அது தரைவரைக்கும் உருண்டு போனது.

"பாவம், இவுகளுக்கு மேலெல்லாம் அடிபட்டிருக்கே! யாரு பையி இது?"

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. என் கையில் நிஜப் பை இருந்ததால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. வாயைத் திறந்தால் வேலை போச்சு. மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதருக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. என் மேல் கோபம், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி அடுத்த பையைக் கொண்டுவந்து வைத்தார். ஜிப்பை இழுத்ததும் உள்ளிருந்து ஏதோ புஸ்ஸென்று எழும்பி வந்தது. காற்றடைக்கிற தலையணை. பாதிக் காற்று இன்னும் உள்ளே இருந்தது. எண்ணெய்க் கறை பிடித்த உறையில் சிவப்பு நூலால் இரண்டு ரோஜாப் பூவும் 'இனிய கனவுகள்' என்ற எழுத்தும் போட்டிருந்தது.

டாக்டர் தலையணையைத் தூக்கிப் பிடித்தார். "இது யாரோட பையி?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த 'எந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை கிலோ எடை' என்ற அட்டையை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. அவரும் ஒரு காலத்தில் ரெப்பாக இருந்தவர்தானே. ரயில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் பையை வரிசையில் வைத்துவிட்டு, என்னைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார்.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்கள் வகுப்பில் படம் போட்டு விளக்குவார்கள். எனக்கு அந்தப் படமெல்லாம் தெரியாது. ஒன்றுதான் ஓடியது: பேசாமல் இருந்தால் அவர் தன் அவமானத்தை என் தலையில்தான் இறக்குவார். அவரைக் காட்டிக்கொடுத்தால் சொல்லவே வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் வேலை இல்லை. இல்லாத வேலைக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

"ரெண்டும் என்னுதுதான் சார்" என்றேன்.

"ரெண்டுமா? அடிபட்டதும் நீதான், தூங்குறதும் நீதானா?"

"ஆமா சார்."

"இம்புட்டு முன்னேற்பாட்டோட வார ரெப்ப என் சர்வீஸ்ல பாத்ததில்லப்பா" என்று டாக்டர் என்னையும் பார்த்தார், அட்டையைப் படித்துக்கொண்டிருந்தவரின் முதுகையும் பார்த்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். "எல்லாப் பையும் உள்ளயே இருக்கட்டும். வேணுங்கிறவுக தாழ்வாரத்துல உக்காரணும். கடைசிப் பிள்ளையப் பாத்து அனுப்புன பொறவுதான் தருவேன். செத்த எந்திரிச்சுப் போனாலும் பை கெடையாது."

செய்தி காற்றைப் போலப் பரவியது. ஒவ்வொரு ரெப்பாக சைக்கிளில் வந்து விழுந்தார்கள். பொய்ப்பைக்கு எதற்கு இந்தப் பாடு என்கிறீர்களா? டாக்டருக்கு வழக்கமாக வரும் ரெப்புகள் எல்லோரையும் தெரியும் அல்லவா, பையை விட்டுப் போகிறவன் அந்தக் கிளினிக்கையே விட்டுப் போக வேண்டியதுதான். தாழ்வாரத்தில் சுவரோரமாகத் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். டை எல்லாம் மடியில் கிடந்தது.

"பை உள்ள ஃபேனுக்குக் கீழ இருக்கு, நாம வெளிய புழுங்குதோம்" என்றார் சாகுல் அண்ணன். "எல்லாம் ஒன்னாலதாம்லே."

"நீங்கதானண்ணே ஊரெல்லாம் சொன்னீக."

"நல்ல விசயத்த மறைக்கக் கூடாதுல்லா?"

மேனேஜர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நீங்க மத்த டாக்டர்களைப் பாருங்க சார், நான் இருந்து வாங்கிட்டு வாரேன்" என்றேன். "இல்ல தம்பி, டீம் ஒர்க்னா கூட இருக்கணும்" என்றார். தலையணையை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை என்று எனக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. மேனேஜர் சுவரில் சாய்ந்தார். தலை ஒருமுறை முன்னால் விழுந்தது, ஒருமுறை பின்னால் போனது. அப்புறம் என் தோளில் வந்து இறங்கிவிட்டது. தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற குறட்டை. சாகுல் அண்ணன் தன் டையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார், சிரிப்புச் சத்தம் கேட்காமல் இருக்க.

நான் அசையவில்லை. அசைந்தால் விழித்துவிடுவார், விழித்தால் வெட்கப்படுவார், வெட்கப்பட்டால் என் கதை முடிந்தது. மடவார்வளாகத்தில் என் பை கடைசிக்குப் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பையும் அப்படித்தான். ஒரு கால்கூடப் பார்க்காமல், கை காலை அசைக்காமல், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

வேறு வேலை இல்லாததால் காதில் விழுந்ததைக் கேட்டேன். மருந்துச் சீட்டோடு வெளியே வந்த அம்மாக்கள் அண்ணாச்சியிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்கள். "ஒரு ஸ்பூனுன்னா எந்த ஸ்பூனுண்ணாச்சி? டீ கலக்குறதா, குழம்பு ஊத்துறதா?" இன்னொருத்தி, "எங்க வீட்டுல ஸ்பூனே கெடையாதே" என்றாள். அண்ணாச்சி உள்ளங்கையைக் குழித்துக் காட்டி, இம்புட்டு ஊத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதே இடத்துக்கு ஆறு மாதமாக வந்துபோகிறேன். இந்தப் பேச்சு ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. நான்தான் சைக்கிளில் இருந்தேனே.

கடைசிப் பிள்ளை போன பிறகு டாக்டர் வந்தார். எல்லோருக்கும் பையைக் கொடுத்தார். செங்கல்காரருக்கு, "வீடு கட்டும்போது சொல்லியனுப்பு" என்று வாழ்த்தும் கொடுத்தார். என்னிடம் வந்தவர், என் தோளில் கிடந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் அந்தத் தலையணையை எடுத்துவந்தார். வாயை வைத்து மீதிக் காற்றை ஊதி நிரப்பினார். ஒரு கையால் மேனேஜரின் தலையைத் தூக்கி, சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணையைச் செருகி என் தோளை விடுவித்தார். பிள்ளைகளைக் கையாண்டு பழகிய கை. மேனேஜர் விழிக்கவே இல்லை.

டாக்டர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து கிசுகிசுத்தார். "உன் காலை இங்கயே முடி. ஒரே ஒரு வாக்கியம்."

வேதியியல் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எங்க சளி மருந்துப் பாட்டில்ல மூடியிலயே அளவுக் கோடு போட்டிருக்கு சார். ஸ்பூன் வேண்டாம்."

"மூடியிலயா? இத ஏம்ப்பா இம்புட்டு நாளா சொல்லல?"

"நேரமில்ல சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சாம்பிள் பாட்டிலை என் பையிலிருந்து தானே எடுத்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அடுத்த வாரத்திலிருந்து அவர் சீட்டுகளில் எங்கள் சளி மருந்து வர ஆரம்பித்தது.

செத்த நேரம் கழித்து மேனேஜர் கண் விழித்தார். கன்னத்துக்குக் கீழே ரோஜாப் பூவைத் தடவிப் பார்த்தார். தாழ்வாரம் காலியாக இருந்தது.

"டாக்டர் எங்க? நம்ம கால்?"

"முடிஞ்சுது சார்."

"என்ன சொன்னாரு?"

"உங்கள எழுப்ப வேண்டாம்னு சொன்னாரு சார்."

அவர் எழுந்து, தலையணையின் காற்றைப் பிடுங்கி, மடித்துப் பையில் வைத்தார். இருவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். அப்பாவிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ரயில் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வெளியே பார்க்காமலே சொன்னார்.

"கன்ஃபர்மேஷனுக்கு எழுதி அனுப்பிடுறேன். நாளையிலேருந்து ஒரே ஒரு பை."

"சரி சார்."

ரயில் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, நான் தூங்கல. கண்ண மூடி யோசிச்சுட்டிருந்தேன்."

"தெரியும் சார்" என்றேன் ரயில்கூடவே நடந்துகொண்டு. "எல்லாருக்கும் கேட்டுச்சு."